லிஃப்ட் பக்கத்துப் பலகை

அகமதாபாத்
20 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பூர்ணிமா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அங்கே நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை கிடர்பூர் ஆபீஸ் மேஜை டிராயரிலேயே மறந்துவிட்டு வருகிறாரா?

தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த செமஸ்டரில் தகவல் வடிவமைப்பின் வரலாறும் சமூகச் சூழலும் என்று ஒரு பாடம். பெயரைப் பார்த்துப் பயப்படாதே. கடை போர்டு, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, சுவரில் ஒட்டிய நோட்டீஸ் எல்லாம் பாடம்தான். யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். வீரராகவன் சார் நடத்துகிறார். திருச்சிக்காரர். கடிதமும் ஒரு வடிவம்தானாம். அதனால் செமஸ்டர் முழுக்க வீட்டில் ஒருவரோடு கையால் எழுதிக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அதில் எழுதுவதைப் போனில் பேசக் கூடாது என்பது சட்டம். போன் காய்ச்சலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வீட்டில் இருக்கிற அச்சடித்த, கையால் எழுதிய காகிதம் எதுவானாலும் அனுப்பு. ரஞ்சனா மாஷி வேலைக்கு வரும்போது நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பூர்ணிமா

•

முருகன் துணை

லேக் கார்டன்ஸ்
29 ஜூலை 2025

செல்வி பூர்ணிமாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிரிக்கவில்லை. "ழ" மட்டும் வாலில்லாமல் நிற்கிறது. அப்பாவின் மாத்திரைப் பட்டையை எண்ணிப் பார்த்துவிட்டேன், பத்துக்கு எட்டுதான் போட்டிருக்கிறார். ரஞ்சனாவுக்கு முழங்கால் வலி. தைலம் கொடுத்தேன்.

ஒரு பெரிய உறையில் பதினொரு உருப்படி வைத்திருக்கிறேன். கரியாஹாட் புடவைக் கடைப் பை ஒன்று, பழைய டிராம் டிக்கெட் இரண்டு, உன் காது குத்துக்கு அடித்த பத்திரிகை, அப்பாவின் துறைமுக பாஸ், இப்படி. அதோடு, நம் கோயில் அன்னதான நோட்டீஸ். அது நான் எழுதி ஜெராக்ஸ் எடுத்தது. மேலே தமிழ், கீழே வங்காளம். இரண்டும் என் கைதான்.

நான் வங்காளம் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன்? கல்யாணமாகி வங்காளத்துக்கு வந்த புதிதில் அப்பா ஆபீஸ் போனதும் கரியாஹாட்டுக்கு நடப்பேன். கடை போர்டுகளையும் பஸ் நெற்றியில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர்களையும் பார்த்துப் பார்த்து வீட்டுக்கு வந்து சிலேட்டில் போடுவேன். எட்டு மாதத்தில் வந்துவிட்டது. கோயிலில் எல்லோரும் "நாகரத்தினம் அக்கா கை அச்சு மாதிரி" என்பார்கள். இதை உன் சாரிடம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் தப்பில்லை.

வேளைக்குச் சாப்பிடு. நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
அம்மா

•

அகமதாபாத்
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் உறை வந்தது. பதினொன்றையும் வகுப்புச் சுவரில் குத்தி வைத்திருக்கிறேன். டிராம் டிக்கெட்டுக்கு ஒரே கூட்டம்.

ஆனால் சார் வேறு ஒன்று கேட்டார். "இதெல்லாம் நீங்க ஆசையா எடுத்து வச்சுக்கிட்டது. யாரும் எடுத்து வச்சுக்க விரும்பாதது ஏதாவது இருக்கா?" அப்போதுதான் ஞாபகம் வந்தது. மே மாதம் லீவில் வந்தபோது நம் கட்டடத்து லிஃப்ட் பக்கத்துப் பலகையைச் சும்மா ஒரு போட்டோ எடுத்திருந்தேன். வெள்ளைப் பலகையில் கறுப்புப் பெயின்ட்டில், வங்காளத்தில், "வேலைக்காரர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது." இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் நின்று லிஃப்டுக்குக் காத்திருந்திருக்கிறேன். ஒரு தடவை கூடப் படித்ததில்லை.

மற்ற நோட்டீஸ் எல்லாம் இங்கிலீஷில், எல்லாவற்றிலும் "தயவுசெய்து" இருக்கிறது. தயவுசெய்து கதவை மூடவும், தயவுசெய்து காரைக் குறுக்கே நிறுத்தாதீர்கள். இது ஒன்றுதான் வங்காளத்தில் மட்டும். இதில் மட்டும் தயவும் இல்லை. எங்கள் வகுப்பு ஒன்றரை மணி நேரம் இதைப் பற்றியே சண்டை போட்டது. என் புராஜெக்ட் இதுதான் என்று முடிவாகிவிட்டது.

செக்ரட்டரி வாஞ்சிநாதன் மாமாவிடம் கேள். யார் எழுதியது, எந்த வருஷம்? ரஞ்சனா மாஷி அதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
பூர்ணிமா

•

முருகன் துணை

லேக் கார்டன்ஸ்
8 செப்டம்பர் 2025

செல்வி பூர்ணிமாவுக்கு ஆசீர்வாதம்.

நாங்கள் சௌக்கியம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆவணி மாதம் கோயிலில் வேலை அதிகம். அப்பாவுக்கு இரண்டு நாள் ஜலதோஷம், கஷாயத்தில் சரியாயிற்று. தெரு மூலையில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வருஷம் ஏதோ பழைய ரயில் நிலையம் மாதிரி கட்டப்போகிறார்களாம். நீ பூஜைக்கு வர முடியாதது எனக்கு வருத்தம்தான். பருப்புப் பொடி, ஊறுகாய் தனியாக அனுப்புகிறேன். மூடியை இறுக்கி மூடு.

அந்தப் பலகை பழசு. யார் எழுதியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. கட்டட விஷயத்தை வெளியூரில் போய்ப் பேசுவது நன்றாக இல்லை பார். பந்தல் பேனர்களைப் பற்றி எழுதேன். எவ்வளவு வேண்டுமானாலும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

ரஞ்சனா நன்றாக இருக்கிறாள்.

இப்படிக்கு,
அம்மா

•

அகமதாபாத்
17 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஊறுகாய் மூன்று நாளில் காலி. ஹாஸ்டலே உனக்கு நன்றி சொல்கிறது.

பந்தல் பேனர் வேண்டாம் அம்மா. இப்போது விஷயம் துப்பறியும் கதை மாதிரி ஆகிவிட்டது! சார் நேற்று போட்டோவைப் பெரிதாக்கித் திரையில் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை எழுதினவர் வங்காளி இல்லை" என்றார். வங்காளிகள் சொல் முழுவதற்கும் மேல்கோட்டை ஒரே இழுப்பாக இழுப்பார்களாம். இதில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாக ஒரு சின்னக் கோடு. சுழிகளும் நன்றாக உருண்டு மூடியிருக்கின்றன. "வட்டமா எழுதிப் பழகின கை. நம்ம ஊர்க் கையா இருந்தாலும் ஆச்சரியமில்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கட்டடத்தில் தமிழர் இரண்டே குடும்பம். அப்போ வாஞ்சிநாதன் மாமாதானே? பேங்க் ஆபீசர் கையில் பெயின்ட் பிரஷ்! டிசம்பரில் கண்காட்சி வைக்கிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு அட்டை. எழுதியவர், ஆண்டு, இடம். அவர் பெயரைப் போடட்டுமா?

அன்புடன்,
பூர்ணிமா

•

முருகன் துணை

லேக் கார்டன்ஸ்
27 செப்டம்பர் 2025

பூர்ணிமாவுக்கு,

சௌக்கியம். மகாளயத்துக்கு மறுநாள் ராத்திரி பெய்த மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். லிஃப்ட் மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. வர வேண்டாம் என்று போன் செய்தும் ரஞ்சனா அந்தத் தண்ணீரில் வந்துவிட்டாள்.

வாஞ்சிநாதன் சார் பெயரைப் போட்டுவிடாதே. அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. அவர் எழுதவில்லை.

அம்மா

•

அகமதாபாத்
30 அக்டோபர் 2025

அம்மாவுக்கு,

நீ அனுப்பிய அன்னதான நோட்டீஸையும் அந்தப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மாதமாக எழுதாததற்கு அதுதான் காரணம்.

சாரிடம் சொல்லவில்லை. நோட்டீஸைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். வேறு போர்டு எடுத்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன்.

பூர்ணிமா

•

முருகன் துணை

லேக் கார்டன்ஸ்
8 நவம்பர் 2025

என் கண்ணு பூர்ணிமாவுக்கு,

உன் கடிதம் சஷ்டி விரதம் முடிந்த பின் வந்தது. முன்னால் வந்திருந்தால் அந்த ஆறு நாளும் சந்நிதியில் போய் நின்றிருக்க மாட்டேன்.

நான்தான் எழுதினேன். 2014, ஆடி மாதம். வாஞ்சிநாதன் சார் பலகையையும் பெயின்ட்டையும் கொண்டுவந்து கொடுத்து, "உங்க கையால எழுதினா பில்டிங்குக்கே ஒரு களை வந்துரும்மா" என்றார். என் வங்காள எழுத்தைக் கோயிலுக்கு வெளியே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சமையலறைத் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். அவர் கொடுத்த வாசகத்தில் "தயவுசெய்து" இருந்தது. வங்காளத்தில் அது இரண்டு சொல், நீளம். பென்சிலால் போட்டுப் பார்த்தேன். எழுத்தெல்லாம் பொடியாகி இரண்டாவது வரி ஓரத்தில் போய் முட்டியது. அழித்துவிட்டேன். எடுத்ததும் இரண்டு வரியும் ஒரே அளவாக உட்கார்ந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீங்கள் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்ட தயவு போன வழி அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலகை வழுக்கிற்று. ரஞ்சனாவைக் கூப்பிட்டு எதிரே உட்கார்ந்து இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முடித்ததும், "ரொம்ப அழகா இருக்கு பௌதி. என்ன எழுதியிருக்கீங்க?" என்றாள். அண்ணி முறை வைத்து பௌதி என்று கூப்பிடுகிறவள், அவளுக்குப் படிக்கத் தெரியாது. "மாடிப்படியச் சுத்தமா வச்சுக்கணும்னு எழுதியிருக்கு" என்றேன். தலையை ஆட்டினாள். பிரஷ்ஷை வாங்கிக் கொண்டுபோய் மண்ணெண்ணெயில் கழுவி வைத்தாள். மறுநாள் காவலாளி அவளை லிஃப்ட் வாசலில் மறித்து வாயால் சொல்லியிருக்கிறான். அவள் என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை.

தரையிலிருந்து நம் வீட்டுக்கு எழுபத்திரண்டு படி. நேற்று இறங்கி எண்ணினேன்.

வேறு போர்டு எடுத்துக்கொள் கண்ணு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது.

அம்மா

•

அகமதாபாத்
16 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சரி. வேறு எடுத்துக்கொள்கிறேன். இங்கே ஒரு ஆஸ்பத்திரி வாசலில் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்கூல் பஸ்ஸிலிருந்து மாஷிதான் இறக்கிக் கூட்டிவருவாள். திடீரென்று ஒரு நாளிலிருந்து நான் லிஃப்டிலும் அவள் படியிலும். "யார் முதல்லன்னு பாக்கலாம் பூரு!" என்று என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவாள். நான் மேலே போய் நின்று கை தட்டுவேன். அவள் மூச்சு வாங்க வந்து, "தோத்துட்டேன், தோத்துட்டேன்" என்பாள். அது விளையாட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. நான் உன்னைத் திட்டுகிற இடத்தில் இல்லை.

இன்னொன்று. கட்டடம் கட்டியது 1998. பதினாறு வருஷம் பலகை இல்லாமல்தான் இருந்தது. வாஞ்சிநாதன் மாமா திடீரென்று ஒரு ஆடி மாதம் ஏன் பலகையோடு வந்தார்? எல்லாவற்றையும் எழுதிய நீ அதை மட்டும் எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

பூர்ணிமா

•

முருகன் துணை

லேக் கார்டன்ஸ்
5 டிசம்பர் 2025

செல்வி பூர்ணிமாவுக்கு ஆசீர்வாதம். இரண்டு பேரும் சுகம். இது நீளமான கடிதம், நிதானமாகப் படி.

நீ கேட்டது சரி. அவர் தானாக வரவில்லை, நான் போய்ச் சொன்னேன். அன்று ஆடிக் கிருத்திகை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அபிஷேகம் பார்த்துவிட்டு, பூக்கூடையும் திருநீற்றுப் பொட்டலமுமாக வந்து லிஃப்டில் ஏறினேன். கதவு மூடுகிற நேரத்தில் ரஞ்சனா ஓடிவந்து ஏறினாள். மூன்றாவது மாடிக்காரர்களுக்கு மீன் வாங்கிவந்த பை கையில். பையிலிருந்து இரண்டு சொட்டு என் கூடையில் விழுந்தது. "ஐயோ பௌதி" என்று முந்தானையால் துடைக்க வந்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். நேரே வாஞ்சிநாதன் சார் வீட்டுக்குப் போய், "இந்த ஜனங்களுக்குப் படி இருக்கே சார்" என்றேன். அந்த வார்த்தையை இன்று எழுதவே கை கூசுகிறது. மீன் வாங்கிவரச் சொன்னவர்கள் லிஃப்டில் போனார்கள், அதைத் தின்றவர்களும் போனார்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு பொம்பளையை எழுபத்திரண்டு படி ஏறவைத்தேன்.

உன் கடிதத்தில் அந்தப் பந்தய விஷயத்தைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போன திங்கட்கிழமை காலை அவள் வாணலி தேய்க்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"ரஞ்சனா, லிஃப்ட் பக்கத்துல ஒரு பலகை இருக்கே. அதுல என்ன எழுதியிருக்குன்னு அன்னிக்கு நான் உன்கிட்ட சொன்னது பொய்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் பௌதி."

"காவக்காரன் சொன்னானா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? நான் ஆறாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன். நீங்க எழுத எழுத நான் எதிர்ல உட்கார்ந்து படிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். தலைகீழா."

"உனக்குப் படிக்கத் தெரியும்னு ஏன் சொல்லல?"

"நீங்க எப்போ கேட்டீங்க?"

"அப்புறம் எதுக்கு என்ன எழுதியிருக்குன்னு என்னைக் கேட்டே?"

"உங்க வாயால சொல்றீங்களான்னு பாக்கத்தான்."

சொல்லிவிட்டு வாணலியைக் கவிழ்த்து வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். மீன் விஷயத்தையும் சொன்னேன். மீன் அவளுக்கு ஞாபகமே இல்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "தள்ளுங்க, தரை துடைக்கணும்" என்றாள்.

அப்பாவிடம் அன்று மாலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். அப்புறம், "கட்டட மீட்டிங்ல நீ பேசறதா இருந்தா நான் கூட வரேன்" என்றார்.

மீட்டிங்கில் பேசினேன். வாஞ்சிநாதன் சார், "பதினோரு வருஷம் கழிச்சு என்னம்மா இது? எல்லாருக்கும் பழகிப்போன விஷயம்" என்றார். "ஏறுறவங்களுக்குப் பழகல சார். கேட்டது நான், எழுதினதும் நான். எடுக்கறதும் நானே எடுத்துடறேன்" என்றேன். மூன்றாவது மாடி அம்மாள், "அப்போ லிஃப்ட்ல மீன் நாத்தம் அடிச்சா?" என்று கேட்டாள். "உங்க வீட்டு மீன்தானேம்மா" என்று அப்பா சொன்னதும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஓட்டுக்கு விடலாம் என்று எழுந்துபோனார்கள். நான் அடுத்த மாதத்துக்குக் காத்திருக்கவில்லை. திருகாணி நான்கும் துரு. அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஒரு மூலை உடைந்துதான் வந்தது.

உடனே அவள் லிஃப்டில் வந்தாளா என்று கேட்பாய். வரவில்லை. மறுநாளும் படியில்தான் வந்தாள்.

ஆஸ்பத்திரி போர்டு வேண்டாம். போட்டோவும் வேண்டாம். பலகையே உனக்கு வருகிறது. பழைய போர்வையில் சுற்றிப் பார்சல் போட்டிருக்கிறேன். உன் சாரிடம் யார் எழுதியது என்று சொல். ஏன் எழுதியது என்றும் சொல். என் முகத்தை அவர் பார்க்கப்போவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் சௌகரியம், அதையும் மறைக்கவில்லை.

பார்சல் கட்டும்போது ரஞ்சனா வந்து நின்றாள். எங்கே போகிறது என்று கேட்டாள். கண்காட்சி, அட்டை, அதில் என் பெயர் வரும் என்று சொன்னேன்.

"என் பேரையும் போடச் சொல்லுங்க" என்றாள்.

"உன் பேர் எதுக்கு? அது எனக்கு வர்ற அவமானம்."

"உங்க பேர் எழுதினவங்கன்னு வரட்டும். நான் படிச்சேன். பதினோரு வருஷமா தினம் ரெண்டு வேளை படிச்சேன். அதைப் போடச் சொல்லுங்க."

முழுப் பெயரைக் கேட்டேன். பதினாறு வருஷமாக நம் வீட்டில் இருக்கிறவளிடம் இன்றுதான் கேட்கிறேன். சொல்லிவிட்டு, நான் சரியாக எழுதுகிறேனா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அட்டையில் இப்படிப் போடு:

எழுதியவர்: நாகரத்தினம் சண்முகம், நான்காவது மாடி.
படித்தவர்: ரஞ்சனா நஸ்கர்.

இப்படிக்கு,
அம்மா